தலையாட்டும் பிரபு மகள்

செப்டம்பர் 18, வியாழன்

மகள் மீரா படித்த மாயக்கதையைப் பற்றிச் சாயங்காலம் பேச்சு வந்தது. அதில், அடிபட்டே வளர்ந்த ஒரு பிரபுவின் மகள், தன்னைக் காப்பாற்றியவர்கள் வீட்டிலும் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறாள். "நம்பும்படி இல்லை" என்றேன்.

"அவ பயம் உனக்குப் புரியலம்மா!" மீரா சண்டைக்கே வந்துவிட்டாள்.

வித்யாவைக் கேட்டேன். அண்ணன் பெண். புகுந்த வீட்டில் பட்டது போதுமென்று நாங்கள் கூட்டிவந்து ஆறு மாதமாகிறது.

"நீங்க சொல்றதுதான் சரி, அத்தை."

ஜெயித்த சந்தோஷம் எனக்கு.

பிறகு ஜன்னலைச் சாத்தப் போனபோது வித்யாவின் தலையணையருகே அதே புத்தகம். மூன்றாம் முறையாகப் படிக்கிறாளாம், மீரா சொன்னாள்.

"பூஜைக்குக் கரியாஹாட் கடைத்தெருவுல புடவை எடுக்கலாம். உனக்கு என்ன கலர் வேணும்?" என்றேன் வித்யாவிடம்.

"உங்களுக்குப் பிடிச்சது எதுன்னாலும் சரி, அத்தை."

எனக்குப் பிடித்தது எதுவென்று இனி அவள் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லக் கூடாது.