ஆன்டெனா ஓடும்போது மட்டும்

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

இன்றைய கூட்டத்தில் நான் சொல்லாமல் விட்டது இது: நம் அணு இணைவு இயந்திரத்தின் பிளாஸ்மாவில் செம்பு இருக்கிறது.

புற ஊதா நிறமாலையில் கார்பன், ஆக்சிஜன், இரும்பு என்று வழக்கமான அழுக்குகளின் கோடுகளுக்கு நடுவே, செம்பு நிற்க வேண்டிய இடத்தில் மெலிதாக ஒரு கோடு. நீ வடிவமைத்த ஆன்டெனா பிளாஸ்மாவைச் சூடேற்றும்போது மட்டும் எழுகிறது. அணைத்ததும் படுத்துவிடுகிறது. பிளாஸ்மாவை அடைத்திருக்கும் கலத்துக்குள் செம்பு இருப்பது உன் ஆன்டெனாவில் மட்டும்தான்.

திட்டத் தலைவர் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். "உன் பக்கம் எப்படிம்மா?" என்றார். "பார்த்துட்டிருக்கேன் சார்" என்றேன். பதின்மூன்றாம் தேதி ஆன்டெனாவை முழுத் திறனில் ஓட்டப்போவதாக அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அது நல்லபடியாக முடிந்தால்தான் புது இயந்திரத்தின் ஆன்டெனா வேலை உன்னிடம் வரும். எனக்குத் தெரியும். செம்பு உருகினால் பின்னால் அதைக் குளிர்விக்கும் தண்ணீர்க் குழாய் எவ்வளவு தாங்கும் என்பது உனக்குத் தெரியும். அலுவலக மின்னஞ்சலில் இதை எழுத மனம் வரவில்லை, அதனால் கூரியர். பாப்பா குப்புற விழுந்துவிட்டாளா? மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன்,
சுண்டு

மார்ச் 7

சுண்டு,

விழுந்துவிட்டாள். மல்லாக்கத் திரும்பத் தெரியாமல் ஊரைக் கூட்டுகிறாள். அவள் தூங்கும் இடைவெளியில் எழுதுகிறேன்.

அது செம்பு இல்லை, ஆக்சிஜன். வலுவான கோடு எதையும் உன் கருவி இரு மடங்கு அலைநீளத்தில் இன்னொரு தடவை காட்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். ஆன்டெனா ஓடினால் சுவர் சூடாகி ஆக்சிஜனும் ஏறத்தான் செய்யும். ஆன்டெனா பிளாஸ்மாவுக்கு நெருக்கமாக இருக்கட்டும் என்று அதைச் சூடு படாமல் காக்கும் டைல்களைப் பின்னுக்குத் தள்ளியது உண்மை. கணக்குப் போட்டுத்தான் தள்ளினேன்.

பேறுகால விடுப்பில் வீட்டில் கிடக்கிறேன். இப்போது நீ வாயைத் திறந்தால் கலத்தைத் திறப்பார்கள், மாதக்கணக்கில் இழுக்கும், வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். பதின்மூன்று வரை பேசாமல் இரு. உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்கா,

நீ சொன்னதே சரியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் நேற்று சோதித்தேன். கருவியின் முன்னால் ஒரு படிக வில்லையைச் செருகினேன். பாதி அலைநீளத்து ஒளி அதைத் தாண்டாது. ஆக்சிஜனின் மறுபதிப்பாக இருந்தால் கோடு மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. வில்லையைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன். பம்பு ஆபரேட்டர், "என்னங்க, பெயிலான மார்க் ஷீட்டைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறீங்க?" என்று சிரித்தார்.

உடனே உனக்குப் போன் செய்தேன். மாமா எடுத்து, "அவ தூங்குறாம்மா" என்றார். பின்னால் நீ பாப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தது கேட்டது.

இன்று காலை தலைவரிடம் சொல்லிவிட்டேன். "எப்பலேர்ந்து தெரியும்?" என்று மட்டும் கேட்டார். அன்றைய கூட்டத்திலேயே தெரியும் என்றேன். முழுத்திறன் ஓட்டத்தை நிறுத்திவிட்டார். கோபம் வந்தால் என்னைத் திட்டி எழுது. திட்டியாவது எழுது.

சுண்டு

ஏப்ரல் 2

சுண்டு,

கலத்தைத் திறந்த அன்று வந்திருந்தேன். வெள்ளை உடுப்புக்குள் இருந்தது நான்தான் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையைத் தூக்கினாய். பார்க்காதது போல உள்ளே போய்விட்டேன்.

ஆன்டெனாவின் இடது மூலை உருகி வழிந்திருந்தது. குழாய்க்கு மேல் மிஞ்சிய செம்பு நகத்தின் கனம்கூட இல்லை. முழுத் திறனில் ஓட்டியிருந்தால் தண்ணீர் உள்ளே பாய்ந்திருக்கும். அதையும், உன் அளவீடு சரி என்பதையும் எழுதிக் கொடுத்தேன்.

"தங்கச்சியைப் பார்த்துட்டுப் போங்களேன்" என்றார் தலைவர். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். நேரம் இருந்தது.

நீ செய்தது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. உன்னோடு பேசத்தான் முடியவில்லை. கொஞ்ச நாளைக்கு எழுதாதே. பாப்பா நன்றாக இருக்கிறாள்.

புது இயந்திரத்தின் வேலை எனக்கு வரவில்லை. நேற்று விலகல் கடிதம் கொடுத்துவிட்டேன்.

அக்கா