பிடித்துத் தைத்த கவுன்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம், இந்தத் தடவை அதில் பாதிதான் எழுத வருகிறது. நானும் அப்பாவும் சுகம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, நல்லபடியாக இருக்க வேண்டும். உன் தங்கை வண்டுவைப் பற்றிப் போனில் நீ கேட்கும்போதெல்லாம் நல்லா இருக்கா, நல்லா இருக்கா என்று நான் மழுப்பியது உனக்குப் புரிந்திருக்கும். என்ன செய்ய, நான் போனை எடுத்தாலே அவள் ஓடிவந்து இடுப்பை ஒட்டிக்கொண்டு நிற்கிறாள், அவள் காதில் விழாமல் பேச இந்த வீட்டில் இடம் ஏது? முன்னால் தையல் கடை, பின்னால் சமையலறை, நடுவில் நாம். அதனால்தான் கடிதம். அவளுக்கு ஒரு கவுன் வாங்கி அனுப்பப் போகிறேன், அளவு எழுதுங்கள் என்று கேட்டிருந்தாய். அதைக் கடைசியில் எழுதுகிறேன், அவசரப்படாமல் முழுக்கப் படி.

நீ தலையால் தண்ணீர் குடித்துத்தான் எங்களை அந்த டாக்டரம்மாவிடம் அனுப்பினாய். இது சேட்டை இல்லம்மா, ஏடிஹெச்டிங்கற கவனக் கோளாறு, அவளால அடக்கிக்க முடியலன்னு புரிஞ்சுக்கோங்க என்று நீ கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. உன் அத்தை மட்டும் இன்றைக்கும், இன்னும் ரெண்டு அடி கூடப் போட்டு வளர்த்திருந்தா மாத்திரையும் வேணாம் மண்ணும் வேணாம் என்கிறாள். அவள் பெற்றதை அவள் வளர்த்த லட்சணம் ஊருக்கே தெரியும், போகட்டும். மாத்திரை ஆரம்பித்த புதிதில் நான் உனக்கு எழுதினதெல்லாம் பொய் இல்லை. ஒரு கதைப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தானே படித்துவிட்டு, அம்மா முடிஞ்சிடுச்சு என்று ஓடி வந்தாள், எனக்கு அழுகையே வந்துவிட்டது. தானே குளித்தாள், தானே உடை மாட்டிக்கொண்டாள், முடியை மட்டும்தான் நான் பின்னிவிட்டேன். வகுப்பு டீச்சர் வாசலில் என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்புவாரே, அவரே நின்று சிரித்தார். பள்ளியிலிருந்து டிபன் டப்பா கழுவி வைத்ததுபோல் காலியாக வந்தது. பக்கத்து பெஞ்சில் ஒரு சிநேகிதி வேறு கிடைத்துவிட்டாள். இதைவிட என்ன வேண்டும் என்று இருந்தோம்.

மாலையில் மட்டும் ஒரு மாதிரி ஆகிவிடுவாள். மாத்திரையின் வேகம் இறங்குகிற நேரம் அது என்று இப்போது தெரிகிறது, அப்போது தெரியாது. பள்ளிப் பையைத் தூக்கி எறிவாள், காரணமே இல்லாமல் குமுறிக் குமுறி அழுவாள், நகத்தை ரத்தம் வரும்வரை கடிப்பாள், படுத்தாலும் தூக்கம் வராமல் கூரையையே பார்த்துக்கொண்டிருப்பாள். காலையில் கேட்டால் வயிறு வலிக்குதும்மா என்பாள், பள்ளிக்குப் போக மனமில்லாமல் சொல்கிறாள் என்று நான் அதட்டி அனுப்பினேன். டாக்டரம்மா மாதாமாதம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார். பள்ளி திறக்கும் சமயம், கடையில் சீருடை மலைபோல் குவிந்து கிடந்தது, அப்பா மட்டும் போய், எல்லாம் நல்லா போகுதுங்க என்று சொல்லி மாத்திரை வாங்கி வந்துவிடுவார். நானும் பட்டனும் கையுமாக உட்கார்ந்திருந்தேன், நானாவது எழுந்து போயிருக்கலாம். அப்பா சொல்லி வாங்கி வந்ததைக் கடைசியில் டாக்டரம்மாவே நிறுத்திவிட்டார், பிள்ளையைப் பார்க்காமல் இனி ஒரு மாத்திரைகூடத் தரமாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

போனோம். எடை பார்க்கும் மெஷினில் ஏற்றி நிறுத்தினார்கள். நர்ஸ் ஒரு தடவை பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றச் சொல்லி மறுபடி ஏற்றினாள், செருப்பு போனால் இன்னும் குறையத்தானே செய்யும், அதுகூட அவளுக்குத் தோன்றவில்லை பாவம். பிள்ளை நான்கு கிலோ இறங்கியிருக்கிறாள். ஒன்பது வயதில் ஏற வேண்டியது, இறங்கியிருக்கிறது. உயரமும் போன வருடம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. நாடி ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா இதயத்துக்கும் ஒரு சோதனை எழுதினார். சாப்பிடுறாளா என்று கேட்டார். டப்பா காலியாத்தான் வருது என்றேன். வண்டு குனிந்துகொண்டு, எனக்குப் பசிக்காது டாக்டர், என் சிநேகிதிக்குக் கொடுத்துடுவேன், கொடுத்தாதான் பக்கத்துல உக்காருவா என்றாள். பிறகு டாக்டரம்மா என்னைப் பார்த்து, இவ்வளவு இளைச்சிருக்கா, போடுற துணியெல்லாம் தொளதொளன்னு ஆகியிருக்குமே, அதையாவது கவனிக்கலையா என்று கேட்டார். நான் சட்டென்று, இல்லையே டாக்டர், எல்லா கவுனும் அளவெடுத்த மாதிரி அப்படியே இருக்கு என்று ரோஷமாகச் சொன்னேன். சொல்லிவிட்டு அப்பாவைத் திரும்பிப் பார்க்கிறேன், மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. நான்தாங்க பிடிச்சுப் பிடிச்சு தைச்சேன் என்றார்.

உனக்குத் தெரியாதா அவரை. தெருவில் போகிறவன் சட்டை தோளில் இறங்கியிருந்தாலே அவருக்குக் கை துறுதுறுக்கும். மகள் கவுன் இடுப்பில் தளர்ந்திருந்தால் விடுவாரா? இரவு கடை சாத்துமுன் பக்கத் தையலைப் பிரிப்பது, உள்ளே கொஞ்சம் மடித்துப் பிடிப்பது, திரும்பத் தைத்துக் கொடியில் மாட்டிவிடுவது. அடுத்த முறை தளர்ந்தால் இன்னும் கொஞ்சம். துணி தொய்ந்துவிட்டது என்றுதான் நினைத்தாராம். தையல்காரனுக்குத் துணிமேல்தானே முதலில் சந்தேகம் வரும். பிள்ளை இளைக்க இளைக்க இவர் துணியையும் கூடவே இளைக்க வைத்திருக்கிறார், அளவெடுத்த மாதிரி இருந்த கவுனைப் பார்த்து நானும் ஏமாந்திருக்கிறேன். அவள்தான் தானே குளித்து உடுத்திக்கொள்கிறாளே, அவள் உடம்பை நான் எங்கே பார்த்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கவுனைக் கழற்றிப் பார்த்தேன். முதுகில் எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிகிறது. உன் அப்பாவை அன்று வாயில் வந்தபடி திட்டினேன், அவர் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை, பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

எடை ஏறும்வரை மாத்திரையை நிறுத்தச் சொன்னார் டாக்டரம்மா. நிறுத்தினோம். பசி வந்தது, அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள், எனக்கு வயிறு குளிர்ந்தது. ஆனால் பழைய வண்டுவும் கூடவே வந்துவிட்டாள். வகுப்பில் மேசைமேல் ஏறி நடந்தாளாம், சிநேகிதியின் கலர் பென்சில்களை எல்லாம் ஒடித்துவிட்டாளாம், அந்தப் பிள்ளை இப்போது வேறு பெஞ்சில் உட்காருகிறது. இப்படியே இருந்தா நாங்க வச்சுக்க முடியாதும்மா என்று டீச்சர் சொல்லிவிட்டார். போன வாரம் அப்பா தைத்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து பாய்ந்து, ஊசிக்கு அடியில் துணி எப்படி நகர்கிறது என்று பார்க்க விரலை நீட்டிவிட்டாள். ஊசி நகத்தின் வழியாக இறங்கி மறுபக்கம் வந்துவிட்டது. அவர் சக்கரத்தைக் கையால் திருப்பித்தான் ஊசியை மேலே தூக்க வேண்டியிருந்தது. நான் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பயப்படாதே, ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு ஊசியும் போட்டுவிட்டார்கள், விரல் தப்பித்தது. உன் அப்பாதான் அன்றிலிருந்து பெரிய கத்தரிக்கோலை என்னிடம் கொடுத்து வெட்டச் சொல்கிறார். நாளைக்கே மாத்திரையைக் கொடு, உயிரோட இருந்தாப் போதும் என்கிறார். சாப்பிடாமல் செத்தால் அது உயிர் இல்லையா என்று நான் கேட்கிறேன். இரண்டு பேருமே பிள்ளைக்காகத்தான் சண்டை போடுகிறோம், அதுதான் கொடுமை.

வண்டு ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே, அம்மா, இன்னைக்கு நான் எந்த வண்டு, சாப்பிடுற வண்டுவா, நல்ல வண்டுவா என்று கேட்டாள். வாயைக் கொப்பளி என்று செம்பை நீட்டினேன். நீ படித்தவள், உனக்காவது இதற்கொரு பதில் தோன்றினால் எழுது, போனில் சொல்லாதே.

இதயச் சோதனையில் குறை ஒன்றும் இல்லை, அந்த மட்டில் நிம்மதி. எடை இன்னும் முழுக்க ஏறவில்லை, ஆனாலும் அடுத்த திங்கள்கிழமை முதல் குறைந்த அளவில் வேறு மாத்திரை ஆரம்பிக்கிறார் டாக்டரம்மா. மாத்திரைக்கு முன்னாலேயே வயிறு நிறையச் சாப்பிட வேண்டும், மருந்தின் வேகம் இறங்கிய பிறகு இரவில் இன்னொரு தடவை சாப்பிட வேண்டும், மாதாமாதம் பிள்ளையோடு வர வேண்டும், மாலைக் கோபத்துக்கும் தூக்கத்துக்கும் நாங்களாக எதுவும் கொடுக்கக் கூடாது, அவரைக் கேட்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். இதிலும் எடை இறங்கினால் இதையும் நிறுத்திவிடுவேன் என்றார். நிறுத்தினால் பள்ளி இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு நானே பள்ளிக்குப் போய்ப் பக்கத்தில் உட்காரப் போகிறேன், பட்டன் வேலை கிடக்கட்டும். டீச்சர் முகத்தைச் சுளித்தார், சுளிக்கட்டும்.

இப்போது அளவு விஷயம். நேற்று அப்பா வண்டுவின் கவுன்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, தான் பிடித்த தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தார். காலையில் அதில் ஒன்றை மாட்டிவிட்டேன். தோளிலிருந்து வழிந்து, இடுப்பில் இன்னொரு பிள்ளைக்கு இடம் இருக்கிறாற்போல் தொங்கியது. வண்டு கண்ணாடியில் பார்த்துவிட்டு, இது யாரோட கவுன்ப்பா என்று கேட்டாள். உன்னோடதுதாம்மா, போன வருஷம் உனக்குச் சரியா இருந்துச்சு என்றார் அப்பா. சொல்லிவிட்டுக் கடைக்குள் போய்விட்டார். அதனால் பெரியவளே, இன்றைய அளவை நான் எடுக்க மாட்டேன், அவரையும் எடுக்கச் சொல்ல மாட்டேன். கடையில் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு என்று கேட்டு வாங்கி அனுப்பு, பத்து வயது என்றாலும் சரி.

நீ ஒன்றும் உன்னைக் குறை சொல்லிக்கொள்ளாதே, நீ சொல்லாவிட்டால் அவளை இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்திருப்போம். வேளைக்குச் சாப்பிடு, இளைத்துப் போகாதே, இந்த வீட்டுக்கு ஒருத்தி போதும். நீ எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். கவுன் கட்டாயம் அனுப்பு, மறந்துவிடாதே. எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அப்பா அதைத் தொட மாட்டார்.

உன் முகத்தைப் பார்க்கக் காத்திருக்கும்,
அம்மா