ஜெபவீட்டுக்குப் பின்னால் உள்ள பாறை

கொஸ்லந்த, மேல்கணக்கு
1913 நவம்பர்

கர்த்தருக்குள் பிரியமான மகன் ஏசுவடியானுக்கு அம்மா எழுதுவது. அந்த மலாய் நாட்டில் நீ சுகமாயிருக்க வேண்டுமென்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். நாங்களும் சுகம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்கிப் பழக்கம். இந்த முறை அந்த வரிக்குக் கை வரவில்லை. உயிரோடிருக்கிறோம். அப்பா, நான், உன் தங்கச்சி எஸ்தர், மூன்று பேரும். அதை நன்றாய் மனதில் வாங்கிக்கொண்டு மீதியைப் படி.

இங்கே மழை. விடாத மழை. கூடையில் தேயிலைக் கொழுந்து பாதி தண்ணீர் பாதி. அப்படியும் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய் நின்று பேர் கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. நம்முடைய ஜெபவீட்டை நீ பார்த்ததில்லை, நீ கப்பலேறின பிறகு கட்டினது. நாம் குடியிருக்கிற லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே சரிவில் ஒரு பெரிய பாறை உண்டே, சின்னதில் நீயும் எஸ்தரும் சறுக்கி விளையாடி என்னிடம் அடி வாங்கின பாறை, அதோடு ஒட்டிக் கட்டியிருக்கிறோம். மேட்டில் பெரட்டுக் களத்துக்குப் பக்கம் சமநிலம் ஒன்றைக் கங்காணி வீரசிங்கம் காட்டினார். உபதேசியார் என்ற முறையில் அப்பா வேண்டாமென்றுவிட்டார். பக்கத்தில் முனியாண்டி கோயில் என்பது சின்னக் காரணம். வேதத்தில் புத்தியுள்ள மனிதன் கன்மலைமேல் வீட்டைக் கட்டினானே, அது பெரிய காரணம். சபையில் எல்லோருக்கும் அது பிடித்துப்போனது, எனக்கும். பின்சுவர் வைக்கவில்லை. பாறைதான் சுவர். அதற்காகப் பாறையின் காலடி மண்ணை வெட்டி எடுத்தார்கள். அந்தப் பாறை மலையின் எலும்பு என்று நினைத்தோம். மண்ணுக்குள் செருகிக் கிடக்கிற ஒரு கல் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மழை வலுத்த அன்று வேலை நிறுத்திவிட்டார்கள். அப்பா மணியடித்தார். மணி என்றால் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. கிறிஸ்தவக் குடும்பங்கள் எல்லாம் பிள்ளைகுட்டிகளோடு லயத்தை விட்டு ஜெபவீட்டுக்குள் வந்துவிட்டோம். அதுதான் பத்திரம் என்று. காலையில் சாத்தின கதவு மத்தியானம் சாத்த வரவில்லை. நிலையின் மேல்கட்டை இறங்கிக் கதவின் தலையை அழுத்துகிறது. மழைக்கு மரம் ஊதியிருக்கும் என்று சபை மூப்பர் தம்பையா சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு கூரைத் தகரம் பாறையோடு சேருகிற இடத்தில் வெளிச்சம் தெரிந்தது. அந்த இடுக்கில் முன்பு என் விரல் நுழையாது. இப்போது கை நுழைந்தது. கையை எடுத்தபோது முழங்கை வரைக்கும் சேறு.

அப்பா முழங்காலில் இருந்தார். குனிந்து, ஏங்க, பாறை நகருது என்றேன். கண்ணைத் திறக்கவில்லை. பயம் ஆண்டவரிடமிருந்து வருகிறதில்லை, உட்காரு என்றார். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், உபதேசியார் பெண்சாதிக்கே விசுவாசமில்லையா என்பது போல. நான் உட்கார்ந்தேன். அதையும் உனக்குச் சொல்ல வேண்டும். உட்கார்ந்து கண்ணை மூடினேன். கர்த்தாவே என்று தொடங்கினால் மேலே வரவில்லை. விழாதே, விழாதே என்றே வந்தது. யாரிடம் சொல்கிறேன் என்று பார்த்தேன். கல்லிடம். ஆண்டவரை நம்புகிறேன் என்று நினைத்துக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் இருக்கிற கல்லைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். எழுந்து எஸ்தரின் கையைப் பிடித்தேன். வெளியே நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளைக்காரிகள் முதலில் எழுந்து வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் மற்றவர்கள்.

போக இடம் ஒன்றுதான் இருந்தது. மேட்டிலே முனியாண்டி கோயில் கொட்டகை. வீரசிங்கம் கங்காணி வாசலிலே நின்றுகொண்டு, வாங்க, வாங்க, முனியாண்டி யாரையும் மழையில நிறுத்தமாட்டாரு, உங்க வீட்டுக்காரருதான் அவரைப் பேய் பிசாசுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு என்றார். சொல்லிக்கொண்டே கொட்டகையில் கட்டியிருந்த ஆட்டை அவிழ்த்து எங்களுக்கு இடம் விட்டார். அடுத்த லயத்து இராக்கம்மா அடுப்பு மூட்டித் தேத்தண்ணி தந்தாள். உம் புருசன் எங்கடி என்றாள். ஜெபம் பண்றாரு என்றேன். ஏண்டி, அந்தச் சாமிக்கு இங்கேருந்து பண்ணினாக் காது கேக்காதா என்றாள்.

தம்பையா கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். அப்பா தனியாக உள்ளே. கங்காணி தாமே இறங்கிப் போனார். உபதேசியாரே, நம்ம சண்டைய மழை விட்ட பெறகு வச்சுக்கலாம், இப்ப மேல வாங்க என்று கூப்பிட்டிருக்கிறார். இந்த வீட்டை ஆண்டவர் காப்பார் என்று பதில். திரும்பி வந்து என்னிடம், அந்தப் பாறையாவது நகருது, உங்க வீட்டுக்காரரு நகர மாட்டேங்கிறாரு என்றார். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். நான் கொட்டகைக்கும் ஜெபவீட்டுக்கும் நடுவே ஒற்றையடிப் பாதையில் நின்றேன். போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிடலாமென்று மனதில் வந்தது. அதுதான் நல்ல பெண்சாதிக்கு அழகு என்று நாலு பேர் சொல்வார்கள். அந்த நாலு பேருக்குப் பயந்துதான் போகிறேனோ என்றும் வந்தது. எஸ்தர் மேலே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். போகவுமில்லை. திரும்பவுமில்லை.

பொழுது சாய்ந்தது. கீழே மணியடித்தது. சாயங்கால ஜெபத்துக்கு அப்பா வழக்கம்போல அடிக்கிறார். ஏசுவடியான், கொட்டகையில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு. மணி கேட்டால் போகிற கால்கள். யாரும் யோசிக்கவில்லை. பாறை விழுவதைவிட அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. மேலே ஓடிப்போய்ப் பாதையை மறித்து நின்றேன். என்ன சொல்லி நிறுத்துவது. ஜெபம் பண்ணுவோம் என்று சத்தமாய்ச் சொல்லிக் கண்ணை மூடிவிட்டேன். ஜெபத்துக்கு நடுவில் ஒருவரும் நடக்க மாட்டார்களே. பெண்பிள்ளை சபைக்கு ஜெபம் நடத்தி நீயும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. அதுவும் முனியாண்டி முன்னால். கர்த்தாவே, எனக்குப் பயமாயிருக்கிறது, பயத்தை எடுத்துவிடும் என்று கேட்கவில்லை, பயந்துகொண்டே உம்மைப் பிடித்துக்கொள்கிறேன், கீழே இருக்கிற மனுஷனை எங்களிடம் கொண்டுவாரும் என்றேன். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். நிறுத்தினால் நடந்துவிடுவார்களே என்று நிறுத்தப் பயம். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். மேட்டுச் சத்தம் கீழே நன்றாய்க் கேட்கும்.

அப்பா வந்தார். சொட்டச் சொட்ட நனைந்து, மூச்சு வாங்க, கோபத்தோடு வந்தார். யார் உன்னை ஜெபம் நடத்தச் சொன்னது, இதுவா இடம், நீ என்ன உபதேசியாரா என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினார். எனக்குக் கேட்டதெல்லாம் அவர் மேலே நின்று கத்துகிறார் என்பதுதான். மெதுவாத் திட்டுங்க உபதேசியாரே, அவங்க எங்கயும் போயிர மாட்டாங்க என்று சொல்லிக் கங்காணி தம்முடைய கம்பளியை அவர் தோளில் போட்டார். பாதியில் நின்ற ஜெபத்தை யாராவது முடிக்க வேண்டுமே. முனியாண்டிக்கு முதுகைக் காட்டி நின்று அப்பாவே முடித்தார்.

பாறை விழவில்லை. இதை எழுதுகிற இந்நேரம் வரைக்கும் விழவில்லை. தோட்டத்துத் துரை வந்து குடையைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்துவிட்டு, மழை நிற்கிறவரைக்கும் அந்த லயத்தில் ஒருவரும் இருக்கவேண்டாம் என்றார். பெரட்டுக் களத்துக் கொட்டகையில் சாக்கு விரித்துப் படுக்கிறோம். விழாத பாறைக்குப் பயந்து ஆண்டவர் வீட்டை விட்டு ஓடினோம் என்று தம்பையா முணுமுணுக்கிறார். விழாமலே போகலாம். அப்படியானால் அவிசுவாசி என்ற பேர் எனக்கு நிற்கும். நிற்கட்டும். கல் உருளுகிற மாதிரிச் சத்தம் கேட்டால் இன்னும் எல்லோரும் விழித்துக்கொள்கிறோம். பயம் போகவில்லை. பயம் இருக்கும்போதே ஜெபம் வருகிறது, அதுமட்டும் புதிது. உனக்கும் அங்கே பயம் வரும் நாள் இருக்கும், அதை ஆண்டவரிடம் மறைக்காதே, வெட்கப்படவும் வேண்டாம். அப்பா அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும். உயிரோடு பேசாமல் இருக்கட்டும்.

வேளைக்குச் சாப்பிடு. ஞாயிறு ஆராதனைக்குத் தவறாதே. எஸ்தர் அண்ணனுக்கு ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னாள். உன்னைத் தாயின் வயிற்றிலிருந்து காத்தவர் போக்கிலும் வரத்திலும் உன்னோடிருப்பாராக.

இதை மடிக்கப் போகும்போது அப்பா வந்து பக்கத்தில் நின்றார். அவனுக்கு ஏதாவது எழுதணுமா என்று கேட்டேன். அவன் படுக்கிற வீட்டுக்குப் பின்னால மலை இருக்கான்னு கேட்டு எழுது என்றார். இதற்கு மறக்காமல், சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா
அன்னப்பாக்கியம்