என் லேப்டாப்பில் கை வைத்தவருக்கு

கம்ப்யூட்டர் மேதை அவர்களுக்கு,

நேத்து என்னை ஒரு வார்த்தை கேக்காம என் லேப்டாப்ல புது சிஸ்டம் போட்டீங்க. இப்போ கறுப்புத் திரையில ஒரு கோடு மட்டும் கண் சிமிட்டுது. பத்து தடவை அணைச்சுப் போட்டும் அசையலை. இன்னைக்கு ஸ்கூல்ல கொடுக்க வேண்டிய கேள்வித்தாள் அதுக்குள்ளதான் இருக்கு! கல்யாணமான நாள்லேருந்து நீங்க கை வெச்சு உருப்பட்ட பொருள் ஒண்ணு சொல்லுங்க. மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, இப்போ இது. சாப்பாட்டை நீங்களே சூடு பண்ணிக்கோங்க. சாவி செருப்பு அலமாரியில.

இடமில்லாம இடுக்கில எழுதறேன்: லேப்டாப் ஓரத்துல பென் டிரைவ் சொருகியிருந்தது. உருவினதும் ஓடுது. காலையில சொருகினது நான்தான். ஆனாலும் கேக்காம கை வெச்சது தப்புதான். சீட்டைக் கிழிச்சிடலாம்னு பார்த்தேன். இவ்வளவு நல்லா திட்டியிருக்கேன், மனசு வரலை. அடுத்த தடவைக்கு எடுத்து வெச்சுக்கோங்க.