சாயி எடுக்காத பொட்டலம்

பிப்ரவரி 11

பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். அப்பாவைப் பெற்ற ஆத்தா பக்கத்தில் படுத்துக்கொண்டு இதை எழுத முடியாது. முன்பெல்லாம் அவள் குறட்டை கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். இப்போது நான் புரண்டால் குறட்டை நின்றுவிடுகிறது. தூங்குகிறாளா, தூங்குகிற மாதிரிக் கிடக்கிறாளா?

அப்பாவும் அவளும் சமையலறையில் குசுகுசுவென்று பேசினார்கள். 'வெள்ளகோவில்' என்று காதில் விழுந்தது. நான் போனதும், "மோர் குடிக்கறயா கண்ணு?" என்றாள். எனக்கு மோர் பிடிக்காது என்று ஆத்தாவுக்குத் தெரியும்.

பிப்ரவரி 19

ஆல்பத்தில் என் தாவணி போட்டோவைக் காணோம்.

பிப்ரவரி 27

தெரிந்துவிட்டது. வெள்ளகோவிலில் பாலுசாமி என்பவர் வீடு. தறி ஓட்டுகிறார்கள். பையன் தீபக், இருபத்தேழு வயது. ப்ளஸ் டூ பரீட்சை முடிந்ததும் உறுதி செய்து, எனக்குப் பதினெட்டு ஆனதும் கல்யாணம்.

"காலேஜு அங்க போயிப் படிச்சுக்கலாம். அவியளே படிக்க வெக்கறாங்களாமா," என்றார் அப்பா. அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

லோகப்பிரியா அத்தைக்கும் அப்படித்தானே சொன்னார்கள்? அப்பாவின் தங்கை. இப்போது மகள் சாயியோடு எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். புருஷன் அடித்ததில் அவளுக்கு இடது காது கேட்காது.

அந்தக் கல்யாணத்தை முடிவு செய்தது என் கை.

பிப்ரவரி 28

எழுதிவிடுகிறேன். அப்போது எனக்கு ஆறு வயது. அத்தைக்கு அம்மன் கோயிலில் பூ கேட்டார்கள். ஆத்தா கட்டிய ஒரு இலைப் பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு. சின்னப்பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை என்றால் செய்யலாம், சிவப்பு என்றால் வேண்டாம். நான் எடுத்தது வெள்ளை. ஆத்தா என்னைத் தூக்கிக்கொண்டு, "என்ற பேத்தி கை ராசியான கையி!" என்று ஊரெல்லாம் சொன்னாள்.

அத்தை காதில் கட்டோடு வந்து நின்ற அன்று என் கையைப் பற்றி யாரும் பேசவில்லை. நான்தான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 5

நாளை எனக்குப் பூ கேட்கிறார்கள். எடுக்கப்போவது சாயி. அவளுக்கு ஏழு வயது.

"எனக்கு வேண்டாம் ஆத்தா. படிக்கோணும்," என்று அழுதேன்.

"அம்மன் சொல்றதக் கேப்போம் அம்மணி. நீயும் நானுமா முடிவு பண்றோம்?" முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னாள்.

பூப்பறிக்க என்னைக் கூட்டிப் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு பொட்டலம் கட்டினாள். எதற்குச் சாத்த வேண்டும்? இரண்டிலும் வெள்ளை வைக்கிறாளோ? வைப்பாள். ஐயோ, என்ற ஆத்தாவப் பத்தி நானே இப்பிடி எழுதறனே.

ஏப்ரல் 6

சிவப்பு! சாயி எடுத்தது சிவப்பு!

பாலுசாமி முகம் சுண்டிப்போனது. "இன்னொருக்காக் கேட்டுப் பாக்கலாமுங்களா?"

"அம்மன்கிட்டப் பேரம் பேசறதுங்களா?" என்றாள் ஆத்தா.

வீட்டுக்கு வந்ததும் கோயிலுக்குக் கட்டிய சேலையை என்னிடம் நீட்டினாள். "முந்தியப் பாத்துப்போட்டு மெசின்ல போடு கண்ணு."

முந்தியில் ஒரு முடிச்சு. உள்ளே சாயி எடுக்காத பொட்டலம். பிரித்தேன்.

அதுவும் சிவப்பு.

ஏப்ரல் 7

சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். ஆத்தாவைக் கட்டிக்கொண்டு அழத்தான் வேண்டும்.

ஆனால் எனக்கு ஆறு வயதில், அந்த இன்னொரு பொட்டலம் எங்கே போனது? யாராவது பிரித்துப் பார்த்தார்களா?

காலையில் ஆத்தா எனக்கு எண்ணெய் வைத்துத் தலை பின்னினாள். நான் கேட்கவில்லை.

ஜூன் 24

காலேஜ் திறந்தாயிற்று. மதுக்கரை பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை.

இதை ஆத்தா பக்கத்தில் படுத்தே எழுதுகிறேன். குறட்டை இல்லை. அவள் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். நான் எழுதுகிறேன் என்று அவளுக்கும் தெரியும்.

சாயங்காலம் சாயி தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "மாமா எங்கூடப் பேசறதே இல்லீங்க்கா. நாஞ் சிவப்பு எடுத்ததுனாலயா?"

என்னால் தாங்க முடியவில்லை. "உன்ற கை ஒண்ணும் பண்ணல சாமி. ரெண்டுமே சிவப்புத்தான்," என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். பக்கத்தில் அத்தை அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நாங்கள் இருந்தது இடது காதுப் பக்கம் என்று நினைத்தேன்.

கத்தி நின்றது. அத்தை என்னைப் பார்க்கவில்லை. அடுப்படியில் நின்ற ஆத்தாவைப் பார்த்தாள்.

"அம்மா... எனக்கு?"

ஆத்தா அடுப்பை அணைத்தாள். வந்து அத்தை முன்னால் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து, வலது காதுப் பக்கமாகப் போய் உட்கார்ந்தாள்.

நான் சாயியைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.