ஹெல்பர் கிரேடு

பாப்பாவின் அப்பாவுக்கு வணக்கம்.

இங்கே நான், பாப்பா, மாமா மூவரும் சுகம். உங்கள் சுகத்துக்கும், அங்கே உங்களோடு சோலார் பேனல் தூக்குகிறவர்கள் எல்லோருடைய சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் ஆரம்பித்தால் நீங்கள் உடனே அழாதே, அழாதே என்பீர்கள். நான் அழவில்லை. ஒன்றுமே தோன்றாமல் இருக்கிறது. அதைப் போனில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மாமாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் கூட்டி வருவதும் அவர்தான். அவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பா வந்தால் என்னை அடையாளம் தெரியாமல் போயிடுமா என்று கேட்கிறாள். அவளுக்கு உங்களை அடையாளம் தெரியுமா என்று நான் திருப்பிக் கேட்கவில்லை.

பிளான்டில் பேனல் துடைக்கும் மெஷின் வந்துவிட்டது. வரும் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்களே, அதேதான். லாரியிலிருந்து இறக்கும்போது நாங்கள் எல்லோரும் துடைப்பான் கம்பைப் பிடித்தபடி வேடிக்கை பார்த்தோம். எங்களோடு துடைக்கிற குள்ளக்காதான் அதற்குப் பெயர் வைத்தாள், புது மருமகள் என்று. “சத்தம் போடல, டீ கேக்கல, சொன்ன வேலையச் செய்யுது. எத்தனை நாளைக்குன்னு இருந்து பாருங்கடி” என்றாள். சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் வயிறு வலித்தது. அந்த வாரக் கடைசியில் இன்ஜினியர் எங்களைக் கூப்பிட்டு, ஒரு ஆள் போதும் என்று சொன்னார்.

யார் அந்த ஒரு ஆள் என்பதை நாங்களே பேசிக்கொண்டோம். பேனல் நிழலில் வட்டமாக உட்கார்ந்துதான் பேசினோம். சண்டை ஒன்றும் வரவில்லை. புருஷன் இல்லாமல் இரண்டு பெண்களை வளர்க்கிற குள்ளக்கா இருக்கட்டும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம். நான்தான் போய் இன்ஜினியரிடம் சொன்னேன். அவர், மெஷின் ஸ்கிரீனில் வருவதைப் படிக்கத் தெரிய வேண்டும், அதனால் நீங்கள் இருங்கள் என்றார். திரும்பி வந்து அதை எப்படிச் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. குள்ளக்கா மட்டும் என் தோளைத் தட்டி, “நீ இருடி. உள்ள நம்மாளு ஒருத்தி இருக்கான்னாவது இருக்கும்” என்றாள். இப்போது அவள் செங்கல் சூளைக்குப் போகிறாள். வழியில் பார்த்தால் நின்று பேசுகிறாள். மற்றவர்கள் தண்ணீர் லாரி போவதைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

வேலை கஷ்டமில்லை. மெஷின் வரிசையின் கடைசியில் போய்ச் சிக்கிக்கொள்ளும், நான் ஏறித் தள்ளிவிட வேண்டும். அது தொடாத ஓரங்களைக் கையால் துடைக்க வேண்டும். பெல்ட் அறுந்தால் மாட்டவும் கற்றுக்கொண்டேன். முதல் தடவை மாட்டி அது ஓடியபோது பக்கத்தில் யாரிடமாவது சொல்லலாம் என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. ஸ்டோர் ரூமில் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். சம்பளம் அதே ஹெல்பர் கிரேடு. இத்தனை பேர் வேலையை ஒரு ஆள் பார்க்கிறேனே, ஏதாவது கூட்டிப் போடக் கூடாதா என்று கேட்டதற்கு, “வேலைய மெஷின் செய்யுதும்மா. நீங்க பாத்துக்கறீங்க, அவ்வளவுதானே” என்றார் இன்ஜினியர்.

இனி முக்கியமான விஷயம். உங்களுக்கு இங்கே ஒரு இடம் கிடைக்குமா என்று விசாரிக்கச் சொல்லியிருந்தீர்கள். விசாரித்தேன். இந்த மாநிலத்தில் கட்ட வேண்டியதையெல்லாம் கட்டியாகிவிட்டது, இனி இருப்பதைப் பார்த்துக்கொள்ளும் வேலைதான், அதற்கு விரல் விட்டு எண்ணுகிற ஆட்கள் போதும் என்றார் இன்ஜினியர். பிறகு அவரே கொஞ்சம் யோசித்து, என் இடத்தில் உங்களை எடுத்துக்கொள்ளலாம் என்றார். உங்களை எடுத்தால் டெக்னீஷியன் கிரேடாம். சம்பளம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வேலை வேறு ஏதாவதா என்று கேட்டேன். இதே மெஷின்தான், இதே வேலைதான் என்றார். அப்படியானால் நான் ஏன் ஹெல்பர் என்று கேட்டேன். “ஆம்பளைன்னா கம்பெனி அந்த கிரேடுலதான் எடுக்கும். இது நான் போட்ட சட்டமா? குடும்பத்துக்கு லாபம்தானே, வீட்ல பேசிட்டு மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்க” என்றார். நல்ல மனிதர்தான். எனக்கு உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். நானும் சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மாமாவிடம் சொன்னேன். “அவன் வீட்டுக்கு வர வழி கிடைச்சிருக்கு, இதுல யோசிக்க என்னம்மா இருக்கு” என்றார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. பாப்பாவுக்கு நல்லது, மாமாவுக்கு நல்லது, நீங்களும் தகரக் கொட்டகையில் முதுகு வலியோடு கிடக்க வேண்டாம். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் நல்லதாகத்தான் இருக்கிறது. ஆனாலும் காலையில் கேட்டுக்குள் நுழையும்போது கை கால் யாருடையதோ போல இருக்கிறது. ஒருநாள் மெஷினை நிறுத்த மறந்துவிட்டேன். அது ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது, அதைப் பார்த்துக்கொண்டே நின்றிருந்தேன்.

நீங்கள் வாருங்கள். அந்த வேலைக்காக வாருங்கள் என்று நான் எழுதவில்லை, அந்த வேலை வேண்டாம் என்றும் எழுதவில்லை. வந்து இரண்டு நாள் நன்றாகத் தூங்குங்கள். பாப்பாவோடு இருங்கள். பிறகு ஒருநாள் என்னோடு பிளான்டுக்கு நடந்து வாருங்கள். நீங்கள் நட்ட கம்பங்கள்தான், வரிசையெல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் வேலை செய்து நீங்கள் பார்த்ததில்லை. ஒரு பகல் பொழுது ஓரமாக நின்று பாருங்கள். அதற்கு அப்புறம் நீங்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

உயரத்தில் ஏறும்போது பெல்ட் போடாமல் ஏறாதீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். எந்தக் குறையும் இல்லாமல் நீங்கள் வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வரவை எதிர்பார்க்கும்
பாப்பாவின் அம்மா