டீ பிரேக்கில் போட்ட மாத்திரை

போன புதன்கிழமை எங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்தில் நர்சம்மா என் கையில் ஒரு அட்டை மாத்திரை கொடுத்தார். சிவப்பு மாத்திரை. ஒன்றைப் பிரித்துப் பார்த்ததுமே அந்த வாடை வந்தது, துருப்பிடித்த ஆணியை மோந்த மாதிரி. உனக்குத் தெரியாத வாடையா. நான்தான் நாலு வருஷமாக மறந்திருந்தேன். ஆமாம், எனக்கு மூணாவது மாசம். நீ இருந்திருந்தால் நான் சொல்லவே வேண்டியிருந்திருக்காது, நாள் தள்ளிய அன்றே என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்து கம்பெனியில் நம் லைன் முழுக்கச் சொல்லியிருப்பாய்.

நர்சம்மா எல்லோருக்கும் சொல்வதை எனக்கும் சொன்னார். பின்னால் ஆறு பேர் காத்திருந்தார்கள், அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தெனம் ஒண்ணு. சாப்ட்டு ஒரு மணி நேரம் கழிச்சு தண்ணில போடு. டீ, காபியோட போடாத. போட்டா சத்து ஒடம்புல ஒட்டாது, அப்படியே வெளிய போயிடும்." சொல்லிவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார். நான் எழுந்திருக்கவில்லை. பின்னால் இருந்த பெண் மயக்கம் என்று நினைத்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

இந்த ஒரு வரியை உன்னிடம் யாருமே சொல்லவில்லையா, அல்லது சொல்லியும் ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் உன் காதில் விழவில்லையா, எனக்குத் தெரியாது. இனி யாரைப் போய்க் கேட்பது.

நாம் இரண்டு பேரும் ஒரகடத்தில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். காருக்கு ஒயரிங் செய்யும் கம்பெனி. பலகையில் ஒயர்களை வரிசையாகப் பதித்து டேப் சுற்றும் லைன். நீ வல்லக்கோட்டையிலிருந்து வந்தாய், நான் சேரப்பணஞ்சேரியிலிருந்து. பக்கத்துப் பக்கத்துப் பலகை. நீ சுற்றிய டேப்பில் ஒரு சுருக்கம் இருக்காது. நான் சுற்றியது திரும்பி வந்தால், சூப்பர்வைசர் பார்ப்பதற்குள் வாங்கிப் பிரித்து நீயே சுற்றித் தருவாய். தந்துவிட்டு அன்றைக்கெல்லாம் சொல்லிக் காட்டுவாய். "கல்யாணம் ஆயி போற வூட்ல பொடவையும் இதே மாரி சுத்திக்காத, ஊரே சிரிக்கும்" என்பாய். எனக்குக் கோபம் வரும். ஐந்து நிமிஷம்கூட நிற்காது.

உன் முதல் கர்ப்பம் மூணாம் மாசத்தில் கலைந்தது. மூணு நாள் லீவு போட்டுவிட்டு வந்து, ஒன்றுமே நடக்காதது போல டேப் சுற்றினாய். அடுத்ததற்கு அவசரப்படாதே, உண்டாவதற்கு முன்னாலிருந்தே ஃபோலிக் மாத்திரை போடு, பிள்ளையின் முதுகெலும்புக்கும் மூளைக்கும் நல்லது என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். சின்ன மஞ்சள் மாத்திரை. அதை வீட்டில் வைத்து நீ போட்டது நாலே நாள். வயிற்றில் பிள்ளையே இல்லாதவள் தினமும் எதற்கு மாத்திரை போடுகிறாள் என்று உன் மாமியாருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பிள்ளை வேண்டாம் என்பதற்குப் போடும் மாத்திரை என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார். நீ டாக்டர் சீட்டைக் காட்டினாய். அந்தக் கிறுக்கலைப் பார்த்து யாருக்கு என்ன புரியும். மாத்திரை அட்டையோடு குப்பைக்குப் போனது.

புது அட்டை வாங்கி என்னிடம் நீட்டினாய். "நீயே வெச்சிக்கோடி. தெனம் ஒண்ணு குடு. வூட்ல வெச்சா மறுபடியும் பஞ்சாயத்துதான்" என்றாய். அப்படித்தான் உன் மாத்திரை என் யூனிஃபார்ம் பாக்கெட்டுக்கு வந்தது.

டீ பிரேக் பத்து நிமிஷம். லைனில் தண்ணீர் பாட்டில் வைக்கக் கூடாது. கேன்டீனில் டீக்கு இந்தக் கோடியில் ஒரு வரிசை, தண்ணீருக்கு அந்தக் கோடியில் ஒரு வரிசை. முதல் இரண்டு நாள் தண்ணீருக்கு நின்று டீயை விட்டாய். மதியம்வரை தலைவலி. மூணாம் நாள் நான்தான் டீ டம்ளரை உன் கையில் திணித்தேன். "ரெண்டு எடத்துல எதுக்கு நிக்கற? டீயிலயே போட்டுக்கோ. உள்ள போனா எல்லாம் ஒண்ணுதான்" என்று சொன்னேன்.

பெரிய டாக்டர் நான்.

நாள் தள்ளியது. கொஞ்ச நாளில் மஞ்சள் போய், இரும்புச் சத்துக்கான சிவப்பு வந்தது. இப்போதுதான் வீட்டில் எல்லோருக்கும் தெரியுமே, அங்கேயே போடேன் என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். வீட்டு வேலையில் மறந்துவிடும், நீதான் எனக்கு அலாரம் என்றாய். சிவப்பு மாத்திரை உன்னைப் படுத்தி எடுத்தது. குமட்டல், மலச்சிக்கல், நாக்கில் எப்போதும் இரும்பு ருசி. ஒரு நாள்கூட நீ விடவில்லை. நான் லீவு போடப்போகிறேன் என்றால் முந்தின நாளே கேட்டு வாங்கி கைக்குட்டை முனையில் முடிந்துகொள்வாய். ஷிஃப்ட் மாறினாலும் டீ வரும், டீயோடு உன் மாத்திரையும் வரும்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தார்கள். பதினொன்று இருக்க வேண்டியது, எட்டு என்றார்கள். அடுத்த மாசமும் எட்டு. அதற்கடுத்த மாசம் ஏழரை. மாத்திரை போடுகிறேன் என்று நீ சொன்னாய். போட்டால் ஏறியிருக்குமே என்றார்கள். உன் கார்டில் சிவப்பு மையால், மாத்திரை சரியாக உட்கொள்வதில்லை என்று எழுதினார்கள். மறுநாள் அதைக் கொண்டுவந்து எனக்குக் காட்டிச் சிரித்தாய். "பாருடி, சர்ட்டிபிகேட் குட்த்துட்டாங்க" என்றாய். அதன் பிறகு யார் உன் கார்டை வாங்கினாலும் முதலில் அந்த வரியைப் படித்தார்கள், அப்புறம்தான் உன்னைப் பார்த்தார்கள்.

உன் மாமியாருக்கு அந்த வரி போதாதா. வீட்டில் நீ ஒரு மாத்திரை போட்டு அவர் பார்த்ததில்லை. முன்பு ஒளித்துப் போட்டவள் இப்போது ஒளித்துக் கொட்டுகிறாள் என்று தெருவுக்கே சொன்னார். உன் வீட்டுக்காரர் இருங்காட்டுக்கோட்டையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு வந்து, இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, பேசாமல் சாப்பிட்டுப் படுப்பார் என்றாய். அவர் பேசாததுதான் உனக்கு அதிகம் வலித்தது.

ஆறாம் மாசமோ ஏழாம் மாசமோ, நீ என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாய். "நாளைக்கு செக்கப்புக்கு என்கூட வாயேன். நீ தெனம் பாக்கற இல்ல. அத்த மட்டும் சொல்லு. நான் சொன்னா எவளும் நம்ப மாட்டேன்றா."

அந்த வாரம் லைனில் ஆள் குறைவு. லீவு என்றாலே சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அடுத்த தடவை வருகிறேன் என்றேன். அடுத்த தடவையும் ஏதோ காரணம் சொன்னேன். என்ன காரணம் என்பதுகூட எனக்கு நினைவில்லை, அவ்வளவுதான் அதற்கு மதிப்பு. மூணாவது தடவை நீ கேட்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இனி உன்னிடம் மறைத்து என்ன. ஏழரை என்று நீ சொன்ன அன்று நானும் உன்னைச் சந்தேகப்பட்டேன். வாயில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போய்த் துப்பிவிடுகிறாயோ என்று தோன்றியது. மறுநாள் நீ முழுங்கும்போது உன் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீ கவனித்துவிட்டாய். காலி டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய் வேலையைத் தொடங்கினாய்.

எட்டாம் மாசத்தோடு வேலையிலிருந்து நின்றுகொண்டாய். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது, பெண். அதற்குப் பிறகு ரத்தம் நிற்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள், வழியிலேயே முடிந்துவிட்டது. உடம்பில் முன்னமே ரத்தம் இல்லை, மாத்திரையை ஒழுங்காகப் போட்டிருந்தால் தாங்கியிருப்பாள் என்று ஆஸ்பத்திரியில் யாரோ சொல்லி அனுப்பினார்களாம். சாவு வீட்டில் அந்த ஒரு பேச்சுதான். உன் தலைமாட்டில் உட்கார்ந்து உன் மாமியார் ஒப்பாரியிலேயே அதைக் கேட்டார், மாத்திரை கசந்ததா, என் பேத்தி கசந்தாளா என்று. நான் கால்மாட்டில் நின்றிருந்தேன். கம்பெனியில் நீ தினமும் போட்டாய் என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். சாவு வீட்டில் எதிர்ப்பேச்சு எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மாலையைப் போட்டுவிட்டு, கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினேன்.

புதன்கிழமை கூட்டம் கலையும்வரை உட்கார்ந்திருந்து நர்சம்மாவிடம் கேட்டேன். ஒருத்தி தினமும் டீயிலேயே போட்டால் என்ன ஆகும் என்றேன். டீ ஒன்றுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, வயிற்றில் பூச்சி இருக்கலாம், வேறு குறை இருக்கலாம் என்று பொறுமையாகத்தான் சொன்னார். மஞ்சள் மாத்திரைக்கு டீ அவ்வளவு பாதகமில்லையாம். அப்புறம் போகிற போக்கில் சொன்னார்: "போட்டும் ஏறலன்னா நாங்க சும்மா வுடுவமா? வேற டெஸ்ட் எடுப்போம், நரம்புல மருந்து ஏத்துவோம். போடாதவங்களத்தான் திட்டி அனுப்புவோம்."

உன்னைத் திட்டித்தான் அனுப்பினார்கள். ஒரு ஆள் பக்கத்தில் நின்று, இவள் போடுகிறாள், நான் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தால் உனக்கும் நரம்பில் ஏற்றியிருப்பார்கள். அந்த ஆளுக்கு லீவு கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வல்லக்கோட்டைக்குப் போனேன். முருகன் கோயிலுக்குப் போகிறவர்களின் கூட்டத்தில் பஸ்ஸில் நின்றுகொண்டே, சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டே போனேன். அவள் போட்டாள். தினமும் போட்டாள். டீயில் போட்டாள். டீயில் போடச் சொன்னது நான். இதில் ஒன்றையும் விடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். என்னை வெளியே பிடித்துத் தள்ளினாலும் சரி, உன்மேல் இருக்கும் அந்தப் பழி போக வேண்டும்.

உன் பெண்தான் கதவைத் திறந்தாள். நெற்றி அப்படியே உன்னுடையது. உங்கம்மாவோடு வேலை செய்தவங்க என்று உன் மாமியார் என்னைக் காட்டினார். குழந்தை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பாட்டு ஒப்பிப்பது போல, "எங்கம்மா மாத்திர முழுங்கல, அதான் சாமிகிட்ட போயிட்டா" என்றாள். மாமியார் அவளை அதட்டவில்லை. இருமல் மருந்துக்கு அடம் பிடித்தால் உன் கதையைச் சொல்லித்தான் குடிக்க வைக்கிறாராம், உடனே குடித்துவிடுகிறாளாம். அவருக்கு அதில் கெட்ட எண்ணம் இல்லை. குழந்தையைக் கண்ணுக்குள் வைத்துத்தான் வளர்க்கிறார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் உன் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து டீயோடு வந்தார். ஆள் பாதியாகிவிட்டார். மாசமாக இருக்கிறேன் என்று தெரிந்ததும், மாத்திரையெல்லாம் தவறாமல் போடம்மா என்றார். பிறகு, நான் எதுவும் கேட்காமலே, டம்ளரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கடைசியா அவ வூட்ல இருந்தா இல்ல, அப்ப நானே டீ போட்டு, நானே எதிர்ல ஒக்காந்து முழுங்க வெச்சேன். இஞ்சி தட்டிப் போட்டா கொமட்டாதுன்னு குடிச்சா. ஒரு நாள் வுடல. அவளுக்கு நான் உருப்படியா செஞ்சது அது ஒண்ணுதான்."

வரிசைப்படுத்தி வைத்திருந்ததில் முதல் இரண்டு வரியை மட்டும் எப்படியோ சொன்னேன். அதுக்கு முன்னாடியும் போட்டா, கம்பெனில தெனம் போட்டா, நான்தான் குடுப்பேன், என் கண்ணால பாத்தேன் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தை உனக்கு எப்படிச் சொல்வேன். இத்தனை வருஷமாக யாராவது அதைச் சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்த முகம்.

"அப்ப ஏன் ஏறல?" என்று உன் மாமியார் கேட்டார். சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். உன் வீட்டுக்காரர் கையில் டீ டம்ளர் இருந்தது. தெரியலை என்றேன்.

உன் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "செத்தவள வுட்டுக் குடுக்காம பேசற. ஒனக்கு நல்ல மனசு கீதும்மா" என்றார். நான் உனக்காகப் பொய் சொல்கிறேன் என்று எவ்வளவு பிரியமாகச் சொல்லிவிட்டார். உன் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். டீ ஆறுது, குடி என்றார். குடித்தேன். இஞ்சி போட்டு நன்றாகத்தான் இருந்தது.

உண்மையைச் சொல்லிவிட்டு, நம்பாதவர்கள் எதிரில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நீ அதைத் தனியாக, வயிற்றில் பிள்ளையோடு, எத்தனை மாசம் செய்தாய். உன் பேரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அந்த மனிதரிடமிருந்து அவர் செய்த அந்த ஒன்றையும் பிடுங்க வேண்டும். எனக்கு மனசு வரவில்லை. அது இரக்கமா, என் பங்கு வெளியே வராமல் போனதில் வந்த நிம்மதியா என்று என்னை நானே கேட்டுப் பார்த்தேன். இரண்டும் இருக்கிறது. மாமியார் கேட்ட கேள்விக்குப் பதிலை அங்கேயிருந்து அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன், இனி அது என்னோடுதான் இருக்கும்.

உன் பெண் வளர்ந்து ஒரு நாள் என்னிடம் வந்து கேட்பாள், அவளிடமாவது முழுசாகச் சொல்லிவிடலாம் என்று பஸ்ஸில் வரும்போது சமாதானம் சொல்லிக்கொண்டேன். வீடு வந்து சேர்வதற்குள் அதுவும் போய்விட்டது. அவள் கேட்க மாட்டாள். அவளுக்குத்தான் பதில் தெரியுமே.